அபூ ஸனத் கேட்க மறந்த கேள்வி

இர்பித் நகரில் பல்கலைக்கழகத் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்கு யாராவது கம்ப்யூட்டர் வாங்கக் கிளம்பினால், வீட்டில் இருப்பவர்கள் ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவார்கள். "அபூ ஸனத் கடைக்கா? அப்போ சாப்பிட்டுட்டுப் போ." அந்த மனிதர் கேள்வி கேட்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். அது ஊருக்கே தெரியும்.

இயற்பெயர் ஃபவ்வாஸ். மூத்தவன் ஸனத் பிறந்த நாளிலிருந்து ஊருக்கு அவர் அபூ ஸனத், அதாவது ஸனத்தின் அப்பா. பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றார். கொஞ்ச காலம் டிவி ரிப்பேர் பார்த்தார். டிவிக்காரர்கள் எல்லாம் கம்ப்யூட்டர்காரர்களாக மாறியபோது அவரும் மாறினார். அந்தச் சந்தில் மற்றவர்கள் திருட்டு மென்பொருளைச் சுடச்சுடப் பதிந்து கொடுத்து ஆளை அனுப்பிக்கொண்டிருக்க, இவர் ஒருவர் மட்டும் காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் இல்லாமல் ஒரு பெட்டியையும் வாசல் தாண்ட விடமாட்டார். "பிழைக்கத் தெரியாத மனுஷன்" என்று பக்கத்துக் கடைக்காரன் சொல்வான். அவருக்குக் காதில் விழும்படியே சொல்வான்.

லைசென்ஸில் இரண்டு வகை. ஓ.இ.எம். என்பது ஒன்று. விலை குறைவு, ஆனால் எந்த மதர்போர்டில் ஏற்றினோமோ அதோடு ஒட்டிக்கொள்ளும், போர்டு போனால் இதுவும் போனது. ரீடெயில் என்பது இன்னொன்று. விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அது ஆளோடு வரும். பெட்டியை மாற்றினால் அழித்துவிட்டுப் புதிய பெட்டியில் ஏற்றிக்கொள்ளலாம். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நானே சொல்லிவிட்டேன், பாருங்கள். அபூ ஸனத்துக்குப் போதாது. எது வேண்டும் என்று வாடிக்கையாளர் தீர்மானிக்குமுன் அவருடைய ஜாதகத்தையே கேட்டு வாங்கிவிடுவார். பெட்டியை எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள், வீட்டில் கரண்ட் ஒழுங்காக வருகிறதா, பையன் விளையாட்டுப் பைத்தியமா, நாளைக்கு வெளிநாடு போகும் யோசனை இருக்கிறதா.

ஹாஜி தியாப் வந்தபோதும் இதுதான் நடந்தது. அவர் ஓய்வு பெற்ற நில அளவையர். இப்போது சொந்தமாக ஆபீஸ் போட்டு வரைபடம் போட்டுக் கொடுப்பவர். எதையும் தூக்கி எறியாதவர், எதற்கும் கூடுதலாகக் கொடுக்காதவர்.

"ஹாஜி, உங்க ஆபீஸ் இருக்கிற பக்கம் கரண்ட் எகிறி எகிறி வரும். போர்டு தாங்காது. நீங்க ரீடெயில் எடுத்துக்குங்க."

"நான் கம்ப்யூட்டர் கேட்டா நீ எதிர்காலம் சொல்றியே. விலை கம்மி எது?"

"ஓ.இ.எம். ஆனா அது அந்தப் போர்டோட கதை முடிஞ்சா முடிஞ்சது. அப்புறம் என்கிட்ட வந்து..."

"வரமாட்டேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"அபூ ஸனத், என் தாடியைப் பாரு. பொய் சொல்ற தாடியா இது? ஓ.இ.எம்.மையே போடு, நான் பள்ளிவாசலுக்குப் போகணும்."

போட்டுக் கொடுத்தார். கல்லாவுக்குப் பின்னால் நிற்கும்போது அபூ ஸனத் இப்படிப் புலி. கல்லாவைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் கதையே வேறு. வீட்டுக்கு வந்தவர் "விரிப்பு அழகா இருக்கே" என்று சொல்லிவிட்டால் போதும், அவர் செருப்பு மாட்டுவதற்குள் விரிப்பு சுருட்டப்பட்டு அவருடைய காரில் இருக்கும். ஊரில் பாதிப் பேர் அவருடைய ஏணியை ஒருமுறையாவது எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். 'இல்லை' என்ற சொல் அவர் வாயில் வந்து பார்த்தவர் இல்லை. அவருடைய மனைவி உம் ஸனத், "இந்த ஆளைக் கட்டின நாள்ல இருந்து நான் வீட்டுச் சாமானை எண்ணிப் பாக்கறதையே விட்டுட்டேன்" என்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர்களுக்கு மைசூன் என்று ஒரு மகள். பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவளைப் பெண் பார்க்க அபூ பிஷர் வீட்டுப் பெண்கள் போன வாரம் வந்து போயிருந்தார்கள். அபூ பிஷருக்குக் காப்பிக் கொட்டையும் பருப்புகளும் வறுத்து விற்கும் பெரிய கடை. மகன் பிஷர் வெளிநாட்டில், தம்மாமில் இன்ஜினியர், தங்கமான பையன். பெண்கள் வந்துபோன மறுநாள் அவனும் மைசூனோடு போனில் பேசியிருந்தான். அபூ ஸனத்துக்கு அந்தச் சம்பந்தம் பிடித்த பிடி இருக்கிறதே, சொல்லி மாளாது. போன குளிர்காலத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கட்டிலுக்குப் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் என்ன ஆவாள் என்று மருகியவர் அவர். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

ஆனால் மைசூன் அப்பாவை நன்றாக அறிந்தவள். வந்தவர்கள் படியிறங்கியதுமே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"வாப்பா, நான் யோசிக்கணும். நான் சொல்ற வரைக்கும் நீங்க யாருக்கும் ஒரு வார்த்தை குடுக்கக் கூடாது."

"நான் எதுக்கும்மா குடுக்கப் போறேன்?"

"நீங்க குடுத்துடுவீங்க. விரிப்பைக் குடுத்த மாதிரி குடுத்துடுவீங்க. மீசையைத் தொட்டுச் சொல்லுங்க."

அந்த ஊரில் ஆண்பிள்ளை மீசையைத் தொட்டுச் சொன்னால் அது சத்தியம். அபூ ஸனத் தொட்டுச் சொன்னார். மகள் கேட்டுக்கொண்டது அவ்வளவுதான். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பாவம், அவருக்கு அதைவிடக் கஷ்டமான வேலை உலகத்தில் வேறு இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை மாலை நேர அஸர் தொழுகை முடிந்த நேரம் வாசலில் கார்கள் வரிசையாக வந்து நின்றன. சிவப்புக் கட்டம் போட்ட தலைத்துணியும் மேலங்கியுமாகப் பெரியவர்கள் இறங்கினார்கள். ஜாஹா! பெண் கேட்கவும், சண்டை தீர்க்கவும், தனி ஆள் போய்க் கேட்டால் நடக்காத எதையும் கேட்கவும் ஊர்ப் பெரியவர்கள் கூட்டமாகப் போவார்களே, அதுதான். முன்னால் ஷேக் ஃபாலிஹ். ஜாஹா என்றால் அவர்தான் பேசுவார். அவருக்கு இரண்டு ஆள் தள்ளி யார் என்று பார்த்தால், சாட்சாத் அபூ பிஷர்.

அபூ ஸனத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வழக்கப்படி பார்த்தால் பெண் வீட்டில் எல்லாம் பேசி முடித்துச் சம்மதம் சொன்ன பிறகுதான் ஜாஹா வரும். சொல்லாமல் கொள்ளாமல் வருமா என்று ஒரு நொடி நின்று யோசித்திருக்கலாம். கடையில் ஒரு மவுஸை விற்பதற்கு முன்னால்கூட இடது கையா வலது கையா என்று விசாரிக்கிறவர் அவர். யோசிக்கவில்லை. எல்லோரையும் ஆண்கள் கூடத்தில் உட்கார வைத்து, சமையலறைக்கு ஓடி, "காப்பி, காப்பி" என்றார். அங்கே பக்கத்து வீட்டுக்காரி கதை பேச வந்து உட்கார்ந்திருந்தாள். மைசூன் அப்பாவின் கண்ணை நேராகப் பார்த்துத் தன் மேலுதட்டை விரலால் தொட்டுக் காட்டினாள். மீசை ஞாபகம் இருக்கட்டும் என்று அர்த்தம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

காப்பி போயிற்று. ஷேக் ஃபாலிஹ் கிண்ணத்தை வாங்கி, குடிக்காமல், முன்னால் இருந்த முக்காலியில் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். கேட்டது கிடைக்காமல் உன் வீட்டுக் காப்பி எங்கள் தொண்டையில் இறங்காது என்பது அதற்குப் பொருள். பிறகு தொண்டையைச் செருமிப் பேச ஆரம்பித்தார். இறைவனைப் புகழ்ந்தார், நபியை வாழ்த்தினார், அபூ ஸனத்தின் பாட்டனார் பஞ்ச காலத்தில் கோதுமை சேர்த்துவைத்த குழியை ஊருக்குத் திறந்துவிட்டதைச் சொன்னார். "இந்த வீட்டு வாசலுக்கு வந்தவன் வெறுங்கையோட திரும்பினதா சரித்திரம் இல்ல" என்றார். ஷேக் ஃபாலிஹ் இழுத்து இழுத்துப் பேசுகிறவர். விஷயத்துக்கு வர இன்னும் நிறைய இருந்தது.

அபூ ஸனத் கண்ணெல்லாம் அந்த ஆறிக்கொண்டிருக்கும் கிண்ணங்களின் மேல். விருந்தாளி காப்பி குடிக்காமல் இருக்கும் காட்சியை அவருடைய உடம்பு தாங்காது. எதிரே அபூ பிஷர் வேறு அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவசரக் குடுக்கை, பொறுத்திருக்கக் கூடாதா?

"ஷேக், உங்க காப்பியைக் குடியுங்க," என்றார். "வந்த காரியம் முடிஞ்சதுன்னு வச்சுக்குங்க. கேட்டது உங்களுக்குத்தான்."

பேச்சின் நடுவில் வெட்டப்பட்ட ஷேக் ஃபாலிஹ் ஒரு கணம் திகைத்தார். இவ்வளவு சுலபமாக ஒரு ஜாஹா முடிந்ததை அவர் தம் ஆயுளில் பார்த்ததில்லை. பிறகு கிண்ணத்தை எடுத்தார். எல்லோரும் எடுத்தார்கள். உள்ளேயிருந்து பக்கத்து வீட்டுக்காரி தெருமுனை வரை கேட்கும்படி ஒரு குலவை விட்டாள்.

"குலவை எதுக்கு?" என்று ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

ஷேக் ஃபாலிஹ் வாயைத் துடைத்துக்கொண்டார். "அல்லாஹ் உன் வீட்டைச் செழிக்க வைக்கட்டும், அபூ ஸனத். நம்ம ஹாஜி தியாபோட கம்ப்யூட்டர் போர்டு எரிஞ்சு போச்சு. வேற எங்கேயோ புதுப் போர்டு மாட்டினார். இப்போ லைசென்ஸ் செல்லாதுன்னு திரையில எழுதி வருதாம். நீ அவருக்கு வித்த லைசென்ஸைப் புதுப் போர்டுக்கு மாத்திக் குடுக்கணும். அதுக்குத்தான் வந்தோம்."

அபூ ஸனத் முகத்தில் முதலில் ரத்தம் ஏறியது, பிறகு இறங்கியது. போன மாதம் ஹாஜி கடைக்கே வந்து இதைக் கேட்டுச் சத்தம் போட்டதும், கல்லாவுக்குப் பின்னால் இருந்த தைரியத்தில் தாம் முடியாது என்று சொன்னதும் இப்போதுதான் ஞாபகம் வந்தன. கேட்டவர் ஒதுங்கியிருந்து பெரியவர்களை அனுப்புவதுதான் வழக்கம். அதனால் ஹாஜியின் தாடி அந்தக் கூட்டத்தில் தென்படவில்லை.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

சமையலறையில் பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். உம் ஸனத் குனாஃபா இனிப்புத் தட்டைத் துணியால் மூடி அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். அபூ ஸனத்துக்குத் தப்பித்துவிட்ட நிம்மதி. அசட்டுச் சிரிப்போடு மகளைப் பார்த்தார்.

"பாத்தியாம்மா, லைசென்ஸாம். நான் என்னமோ நினைச்சு..."

"என்ன நினைச்சீங்க?"

அவர் சிரிப்பு நின்றது.

"சொல்லுங்க வாப்பா. காப்பியைக் குடியுங்கன்னு சொன்னப்போ யாரை நினைச்சுச் சொன்னீங்க? ஹாஜியோட போர்டையா?"

"உன்னைத்தான்," என்றார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

"அப்போ நீங்க என்னைக் குடுத்துட்டீங்க. அவங்க கேக்கலைங்கறதால நான் இங்க நிக்கறேன்."

"தப்பும்மா. வாய் தவறிடுச்சு. காப்பி ஆறிக்கிட்டு இருந்துச்சு."

"காப்பி ஆறினா சூடு பண்ணிக்கலாம்." மைசூன் குரலை உயர்த்தவில்லை. அவள் கண் மட்டும் கலங்கியிருந்தது. "ஹாஜிக்கு ஒரு லைசென்ஸ் விக்கறதுக்கு எவ்வளவு கேள்வி கேட்டீங்கன்னு ஊரே கதை சொல்லுது. எத்தனை வருஷம், எந்த ஊரு, நாளைக்கு மாத்தணும்னா என்ன பண்ணுவீங்கன்னு. இந்த ஒரு வாரத்துல என்கிட்ட ஒண்ணாவது கேட்டீங்களா? அவன் என்ன சொன்னான், உனக்குப் பிடிச்சிருக்கான்னு?"

அபூ ஸனத் கேட்கவில்லை. கேட்டால் அவள் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துதான் கேட்கவில்லை. அது அவருக்கே அந்த நிமிடத்தில்தான் விளங்கியது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வெளியே ஆளுங்க காத்திருக்காங்க," என்றாள் உம் ஸனத். "முதல்ல அந்த லைசென்ஸுக்கு வழியைப் பாருங்க, வள்ளலே."

அவர் கூடத்துக்குத் திரும்பி வந்தார். உட்காரவில்லை, நின்றபடியே பேசினார்.

"ஷேக், பெரியவங்களே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துட்டேன். குடுத்தது என்னோடது இல்ல. அந்த லைசென்ஸ் பழைய போர்டோட ஒட்டினது. அதைப் பிரிச்சு வேற போர்டுல ஏத்தறதுக்குக் கம்பெனி அனுமதி இல்ல. திருட்டுத்தனமா வேணா பண்ணலாம். நான் பண்ணமாட்டேன். அதனால உங்களுக்கு என் பதில், இல்லை."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது அவர்களுக்கு நம்ப முடியவில்லை.

"காப்பியைக் குடிச்சுட்டோமேப்பா," என்றார் ஷேக் ஃபாலிஹ். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. "குடிச்சதை எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

"திருப்பித் தர வேண்டாம். என்னோடதுன்னு இருக்கறதைக் குடுக்கறேன். அந்தப் பழைய போர்டு எங்கே? ஹாஜி தூக்கிப் போட்டிருக்க மாட்டாரே."

"கார் டிக்கியில இருக்கு," என்றார் கூட்டத்தில் இருந்த ஹாஜியின் ஒன்றுவிட்ட தம்பி. "நீங்க நம்பலேன்னா காட்டறதுக்குன்னு எடுத்துட்டு வரச் சொன்னார்."

கொண்டுவந்தார்கள். அபூ ஸனத் அதை ஜன்னல் பக்கம் எடுத்துப் போய் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு மூன்று கெபாசிட்டர்கள் தலை வீங்கி வெடித்திருந்தன.

"கெபாசிட்டரை மாத்திப் பாக்கறேன். வேலைக்குக் காசு வேணாம். போர்டு உயிரோட வந்தா லைசென்ஸும் அதோட வந்துடும், யாரையும் கெஞ்ச வேண்டாம். வரலேன்னா, ஹாஜி அன்னைக்கே வாங்கியிருக்க வேண்டிய ரீடெயிலை இப்போ வாங்கணும். வரும்னு நான் வாக்குக் குடுக்கல. இன்னைக்கு இனிமே நான் யாருக்கும் எந்த வாக்கும் குடுக்கறதா இல்ல."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஷேக் ஃபாலிஹும் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார். வந்ததற்கு இதுவாவது கிடைத்ததே என்று எல்லோரும் எழுந்துகொள்ளத் தயாரானார்கள். அப்போது அபூ பிஷர் விரலை ஆட்டிக் கேலியாகச் சொன்னார்.

"எனக்கு அந்தக் குலவையோட அர்த்தம் இப்போதான் புரிஞ்சுது. அப்போ நீ எங்களுக்குன்னு நினைச்சுத்தான் குடுத்திருக்கே. சரி, கேக்காமலே கிடைச்சாச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை இதே ஜாஹாவோட வரேன். காப்பியைத் தயாரா வை."

எல்லோரும் அபூ ஸனத்தைப் பார்த்தார்கள். அவருக்கு ஆசைதான். ஆஸ்பத்திரிக் கட்டில் ஞாபகம் வந்தது. பிஷரைப் போலப் பையன் இன்னொருவன் கிடைப்பானா? தலையை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும்.

"கொஞ்சம் இருங்க," என்றார்.

போய்ச் சமையலறை வாசலில் நின்றார். கூடத்தில் இருந்தவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. பேசியது எல்லோருக்கும் கேட்டது. ஒரு பெண்ணின் விஷயத்தை இப்படி நாலு பேர் காதில் விழப் பேசுவது அந்த ஊரில் இல்லாத வழக்கம். பெரியவர்கள் சிலர் சங்கடத்தில் தஸ்பீஹ் மணிமாலையை உருட்டினார்கள்.

"மைசூன், உனக்கு இதுல சம்மதமாம்மா? பிஷர் உன்கிட்ட என்ன சொன்னான்? அங்க போனா உன் வேலை என்ன ஆகும்? எனக்காக யோசிக்காதே. எனக்கு இது பிடிச்சிருக்கு, அது வேற. உனக்கு?"

உள்ளே தட்டைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"வேலையை விட்டுடணும்னு சொன்னார் வாப்பா," என்று மைசூனின் குரல் வந்தது. "நல்லவர்தான். மரியாதையாத்தான் சொன்னார். ஆனா எனக்கு வேண்டாம்."

அபூ ஸனத் அங்கேயே கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பினார். கண்ணில் நீர் நின்றது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"கேட்டீங்களா, அபூ பிஷர்?"

"கேட்டேன்," என்றார் அபூ பிஷர். அவர் குரலில் கேலி இல்லை. "இது அவ வார்த்தை. உன் வார்த்தை என்ன?"

"இதுல எனக்கு வார்த்தையே கிடையாது," என்றார் அபூ ஸனத். "இவ்வளவு நாள் இருக்குன்னு நினைச்சுட்டிருந்தேன்."